கவுன்சிலர் சீட்டு கொடுக்கும் முன் எங்கள் தெருவுக்கு ஒருமுறை வாருங்கள்

சென்னையின் எல்லாக் கட்சி மாவட்டச் செயலாளர்களுக்கும், பகுதிச் செயலாளர்களுக்கும், வட்டச் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

2022 மார்ச் மாதம் பதவியேற்ற சென்னை மாமன்ற உறுப்பினர்களின் 5 ஆண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அதற்கு முன்பே உங்கள் அலுவலகங்களில் விருப்ப மனு வாங்குவீர்கள், நேர்காணல் நடத்துவீர்கள், 200 வார்டுகளுக்கும் பெயர்ப் பட்டியல் போடுவீர்கள். எங்களுக்குக் கவுன்சிலர் யார் என்பதில் பாதி முடிவு அந்த அறைக்குள்ளேயே ஆகிவிடுகிறது. நாங்கள் வாக்குச்சாவடிக்கு வரும்போது நீங்கள் பொறுக்கித் தந்த சில பெயர்களில் ஒன்றைத்தான் தொட முடியும். அதனால்தான் இதை வேட்பாளர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் வடசென்னையில் குடியிருக்கும் வாக்காளர். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. என் கோரிக்கை ஒன்றுதான். பதவி கைக்கு வருவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு வார்டிலும் கவுன்சிலர் வேலையை யாரோ ஒருவர் செய்துகொண்டிருக்கிறார். அவரைத் தேடிக் கண்டுபிடித்து அவருக்கு சீட்டு கொடுங்கள்.

அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார் என்பதற்கு இந்த நகரமே சாட்சி. 2016 அக்டோபரில் அப்போதைய மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் 5 ஆண்டுகளுக்கு மேல் சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலரின் நிர்வாகம்தான். அந்த இடைவெளியில்தான் 2019 கோடைத் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்புறம் 2020ல் கொரோனா வந்தது.

லாரித் தண்ணீர் தெருமுனைக்கு வந்தபோது வீட்டுக்கு இத்தனை குடம் என்று பேசி முடித்து, அடிதடி வராமல் வரிசையைப் பார்த்துக்கொண்டது யார்? ஊரடங்கில் தனியாகக் கிடந்த பெரியவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தது யார்? வேலையும் இல்லாமல் ஊருக்குப் போக வண்டியும் இல்லாமல் ஒரே அறைக்குள் அடைபட்டுக் கிடந்த வடமாநிலப் பையன்களுக்கு அரிசி சேர்த்துக் கொடுத்தது யார்? சொந்தக்காரர்களே பிணத்தைத் தொடப் பயந்தபோது கூட வந்து நின்றது யார்? அவர்களில் எவரும் மக்கள் பிரதிநிதி இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்தத் தெருவின் கவுன்சிலர் அவர்கள்தான். ஒவ்வொரு வட்டத்திலும் அந்தப் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். அவர்களில் சிலர் உங்கள் கட்சியிலேயே கூட இருக்கலாம், நேர்காணல் அறைக்குள் வரத் தயங்கிக்கொண்டு.

எங்கள் தெருவில் காலையில் இட்லிக் கடை போடும் ஒரு அக்கா இருக்கிறார். பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் கோபித்துக்கொள்வார். அவரிடம் ஒரு நீளச் சைஸ் நோட்டு உண்டு. ஒரு பக்கம் கடைக் கடன் கணக்கு. நோட்டைத் திருப்பிப் பிடித்தால் மறுபக்கம் தெருக் கணக்கு: எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம், யார் வீட்டு முதியோர் உதவித்தொகை எந்த மாதத்திலிருந்து வரவில்லை, எந்தக் கம்பத்து விளக்கு எரியவில்லை, புகார் கொடுத்த தேதி, கொடுத்த புகார் எண். ஊரடங்குக் காலத்தில் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க மாநகராட்சி அனுப்பிய களப்பணியாளர்கள் எங்கள் தெருவுக்கு வந்ததும் முதலில் அவரிடம்தான் கேட்டார்கள். எந்தக் கதவைத் தட்டினால் திறப்பார்கள், எந்தக் கதவுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும், அது எந்த அலுவலக வரைபடத்திலும் இருக்குமா என்பது சந்தேகம். மழை பிடித்தால் எங்கள் தெருவில் தண்ணீர் முதலில் ஏறுவது பள்ளமான கிழக்கு முனையில் இல்லை. ரேஷன் கடை எதிரே இருக்கும் சாக்கடை மூடி வழியாகத்தான் பொங்கும். காரணம், பல வருஷங்களுக்கு முன்னால் யாரோ ஒரு மழைநீர் வடிகாலைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மூடி பொங்கினால் கிழக்கு முனையில் மோட்டார் போட்டு இறைத்துப் பிரயோஜனமில்லை என்று அவர் தலைபாடாக அடித்துக்கொள்வார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வந்த ஆட்களுக்கு அந்த இடத்தைக் காட்டியவரும் அவர்தான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், சென்னையில் கவுன்சிலர் வேலையே இதுதான். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீரும் குடிநீரும் 1978ல் உண்டான மெட்ரோ வாட்டர் வாரியத்துடையது. மின்கம்பி மின்வாரியத்துடையது. குடியிருப்பு பழைய குடிசை மாற்று வாரியத்துடையது, இப்போது அதற்கு வேறு பெயர். ரேஷன் கடை வேறு துறை. தெருவில் நிற்கிறவருக்கு இவை எல்லாம் ஒரே பிரச்சினை. காலுக்குக் கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்து இது மழைத் தண்ணீரா, சாக்கடைத் தண்ணீரா, குடிநீர்க் குழாய் உடைந்ததா என்று சொல்லத் தெரிந்தவர்தான் சரியான அலுவலகத்தைப் பிடிக்க முடியும். மாநகராட்சிப் புகார் எண் 1913க்குப் போன் செய்யலாம், செயலியில் படம் அனுப்பலாம், அவை நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் நாலு துறைகளை ஒரே குழியின் ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இன்றைக்கே முடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அந்தக் குழியின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். மூன்று தெரு தாண்டிப் போனால் வழி கேட்கிற ஒருவரை வேட்பாளராக்கினால் அவர் இதைக் கற்றுக்கொள்வதற்குள் 5 ஆண்டு முடிந்துவிடும்.

இந்த நகரத்தின் நல்ல காரியங்கள் பல, தங்கள் இடத்தைத் தெரிந்தவர்களிடமிருந்துதான் வந்தன. சர் பிட்டி தியாகராயர் வண்ணாரப்பேட்டைக்காரர், நெசவுத் தொழில் செய்த குடும்பம். நெய்யும் வேகத்தைக் கூட்டும் விசைநாடா பொருத்திய கைத்தறிகளை வைத்து நெசவாலை நடத்தியவர். சுமார் 40 ஆண்டுகள் மாநகராட்சி உறுப்பினராக இருந்தார், 1920ல் அதன் தலைவரானார். அதே ஆண்டு செப்டம்பரில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு செய்து சிற்றுண்டி கொடுக்க மாமன்றம் தீர்மானம் போட்டது. ஒரே ஒரு பள்ளி, ஒரே ஒரு அணா. வடசென்னைத் தறிக்காரர்கள் நடுவில் வாழ்ந்த ஒருவருக்கு, வயிறு காய்ந்த பிள்ளை பள்ளிக்கூடம் வராது என்று சொல்லித்தர எந்தக் கமிட்டி அறிக்கையும் தேவைப்பட்டிருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

சேலம் நகராட்சித் தலைவராக ராஜாஜி இருந்தபோது, அக்கிரகாரத்துக் குடிநீர்க் குழாயைத் திறந்துவிடும் வேலைக்குத் தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞரை நியமித்தார், எதிர்ப்புக்கு அசையவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர் பெரியார். குடிநீர்த் திட்டம், தெரு அகலப்படுத்துதல் என்று அவர் அங்கே செய்த வேலைகளை இன்றும் ஈரோட்டுக்காரர்கள் சொல்வார்கள். பிற்காலத்தில் அரசியலில் எதிரெதிர் திசையில் நின்ற இரண்டு பேரும் குழாயும் சாக்கடையும் பார்த்துத்தான் பொது வாழ்க்கையில் கால் வைத்தார்கள். ஆனால் நான் உங்களுக்கு முக்கியமாக நினைவுபடுத்த விரும்புவது இந்தப் பெரிய பெயர்களை இல்லை.

மதுரை வில்லாபுரத்தின் லீலாவதியை. கைத்தறி நெசவுக் குடும்பத்துப் பெண். வில்லாபுரத்தில் குடிநீர்க் குழாய் சரியாக இல்லாத காலம் அது. தண்ணீரைக் காசுக்கு விற்றுப் பிழைத்த ஒரு கூட்டம் அங்கே இருந்தது. குழாய் வராமல் இருப்பதுதான் அவர்களுக்கு லாபம். குடத்தோடு அலைந்த பெண்களில் ஒருவர்தான் லீலாவதியும். மார்க்சிஸ்ட் கட்சி அவருக்கு சீட்டு கொடுத்தது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்தார். சொன்னபடி மாநகராட்சிக் குடிநீரை வில்லாபுரத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டார், மிரட்டலுக்குப் பணியவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று, பதவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், தன் பகுதியிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

லீலாவதியின் கதையைத் தியாகம் என்று சொல்லி மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்று பாருங்கள். தண்ணீர் விற்றவர்கள் ஏன் அவரைக் கண்டு அவ்வளவு பயந்தார்கள்? அவரை விலைக்கு வாங்க முடியவில்லை, அது ஒன்று. எந்தத் தெருவில் யார் எவ்வளவுக்குத் தண்ணீர் விற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அது இன்னொன்று. எல்லாவற்றையும் விட, அவர் பின்வாங்கியிருந்தால் மறுநாள் காலை அதே குடத்துக்கார அக்கா தங்கைகளின் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அந்தத் தெருவில் வாழ்கிறவருக்குத் தப்பிக்க இடமில்லை. ஒரு மக்கள் பிரதிநிதிக்கு இதைவிடப் பெரிய கட்டுப்பாட்டை எந்தச் சட்டமும் விதித்துவிட முடியாது. சமூகத்தில் ஊன்றி நிற்கிற ஒருவரை நிறுத்துங்கள் என்று நான் கேட்பது இந்தக் காரணத்துக்காகத்தான். அவர் நல்லவராகத்தான் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் தப்பு செய்தால் கடைத்தெருவில் நாலு பேர் நிறுத்திக் கேட்பார்கள், வீட்டுக்கு வந்து திட்டுவார்கள், அந்த வீட்டுப் பிள்ளையும் எங்கள் பிள்ளையோடுதான் படிக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என் கோரிக்கையை நீங்கள் வேறுமாதிரி எடுத்துக்கொள்வீர்கள். உங்கள் நேர்காணலில் "வார்டில் உங்க ஆளுங்க எத்தனை ஓட்டு" என்று ஒரு கேள்வி வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். உங்க ஆளுங்க என்றால் சாதி. பெரும்பான்மைச் சாதியில் பிறந்திருப்பதை நான் சமூகப் பின்னணி என்று சொல்லவில்லை. ஒரு தெருக் கோயில் திருவிழாவுக்குத் தலைவராக இருப்பதையும் சொல்லவில்லை. அந்தத் தலைவருக்கு அடுத்த தெருவில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். எத்தனையோ வார்டுகளில் நடுவே ஓடும் ஒரு கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஒரு உலகம், அந்தப் பக்கம் ஒரு உலகம். இந்தப் பக்கத்துச் செல்வாக்கை மட்டும் எண்ணி ஆள் போட்டால் அந்தப் பக்கத்துக்கு 5 ஆண்டு விளக்கு எரியாது. இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கிற ஆள்தான் வேண்டும்.

இங்கேயே பிறந்தவராக இருக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. அது அநியாயம். சென்னையே வந்தவர்களால் ஆன ஊர். கண்ணகி நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2000ம் ஆண்டு முதல் நகரத்தின் கூவம் கரை, கால்வாய்க் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். பிழைப்பு ஒரு மூலையிலும் வீடு இன்னொரு மூலையிலுமாக ஆக்கப்பட்டவர்கள். 2011ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது அந்தப் பகுதியும் உள்ளே வந்தது. அங்கே பஸ் வசதிக்காகவும், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்காகவும், ரேஷன் அட்டையை மாற்றுவதற்காகவும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண் பிறந்தது எங்கோ. ஆனால் அந்த இடத்தின் பிரதிநிதியாக அவரைவிடத் தகுதியானவர் யார் இருக்க முடியும்? வாடகை வீடு மாறி மாறி ஒரே வட்டத்துக்குள் 15 வருஷம் சுற்றிக்கொண்டிருப்பவரும் அப்படித்தான். ஒரு ரோட்டின் இந்தப் பக்கம் ஒரு வார்டும் அந்தப் பக்கம் இன்னொரு வார்டுமாகக் கோடு கிழித்திருக்கிறார்கள். கோட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓட்டு இருப்பதால் ஒருவர் அந்நியர் ஆகிவிட மாட்டார். சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. மாநகராட்சியில் எந்த வார்டிலாவது வாக்காளராக இருந்தால் போட்டியிடலாம், முன்மொழிகிறவர்தான் அந்த வார்டைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். என் கவலை, அந்தச் சலுகையை வைத்துக்கொண்டு, இந்த வார்டின் பெயரையே பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஆட்களை நிறுத்துவதைப் பற்றியது.

அடுத்தது பெண்கள் வார்டு. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016ல் தமிழ்நாடு சட்டம் செய்தது. எனக்கு அது பெருமையான சட்டம். ஆனால் வார்டு பெண்களுக்கு என்று ஆனதும் உங்களில் பலர் செய்வது, அதுவரை சீட்டு எதிர்பார்த்திருந்த நிர்வாகியின் மனைவி பெயரைப் போடுவது. அப்புறம் 5 ஆண்டும் போனை எடுப்பது அந்த நிர்வாகி, ஆய்வுக்கு வருவது அவர், அதிகாரியோடு பேசுவது அவர். கையெழுத்து மட்டும் அம்மாவுடையது. இதில் நாங்கள் இழப்பது ஒரு கவுன்சிலரை, அந்த அம்மா இழப்பது தன் பெயரை. பெண் வேட்பாளர் கிடைக்கவில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். மகளிர் சுயஉதவிக் குழுவை 10, 15 வருஷமாகக் கணக்குப் பிசகாமல் நடத்துகிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற செவிலியர்கள் இருக்கிறார்கள், சத்துணவுக் கூடத்தில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். பேங்க்கில் கடனுக்காக மேனேஜரிடம் மல்லுக்கட்டியவருக்கு மண்டல அலுவலகத்தில் பேசத் தெரியாதா? யாருடைய மனைவி என்பதற்காக ஒதுக்கச் சொல்லவும் இல்லை. நிர்வாகியின் மனைவியாகவே இருந்தாலும் அவர் தானாகத் தெருவில் நின்று வேலை பார்த்தவர் என்றால் தாராளமாக நிறுத்துங்கள், நாங்களே ஓட்டுப் போடுகிறோம்.

2022 தேர்தலே இதற்கு நல்ல உதாரணங்களையும் கொடுத்திருக்கிறது. வேலூர் மாநகராட்சி 37வது வார்டில் திருநங்கை கங்கா வென்றார், திமுக அவருக்கு வாய்ப்புக் கொடுத்திருந்தது. கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயராகக் காங்கிரஸ்காரரான சரவணன் வந்தார், தொழில் ஆட்டோ ஓட்டுவது. சென்னையில் 74வது வார்டில் வென்ற ஆர். பிரியா 28 வயதில் மேயரானார். இந்த நாற்காலியில் உட்கார்ந்த மூன்றாவது பெண், முதல் தலித் பெண். 1688ல் தொடங்கிய மாநகராட்சிக்கு இந்த ஒரு வரியை எழுத 334 ஆண்டு ஆனது. ஆக, உங்கள் பேனாவால் முடிகிறது. மனசு வைத்தால் செய்கிறீர்கள். 200 வார்டிலும் வையுங்கள் என்பதுதான் கேட்பது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மடல் முழுதாகாது. நேர்காணலில் முதல் கேள்வியே எவ்வளவு செலவு செய்வீர்கள் என்பதுதான் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். 2022ல் சென்னை வார்டு வேட்பாளருக்குத் தேர்தல் ஆணையம் வைத்த செலவு வரம்பு 90,000 ரூபாய். மாநகராட்சி உறுப்பினருக்கு 2023 முதல் தரப்படும் மதிப்பூதியம் மாதம் 10,000 ரூபாய். 5 ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 6 லட்சம். அதற்குப் பல மடங்கு செலவு செய்யத் தயார் என்று ஒருவர் உங்கள் முன்னால் சொன்னால், அந்தப் பணம் எங்கிருந்து திரும்பி வரும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வீடு கட்டுகிறவர் வாசலில் வந்து நிற்கும் ஆள், குழாய் இணைப்புக்கு ரோடு வெட்ட வேண்டியவரிடம் பேரம் பேசும் ஆள், எல்லாம் அந்தக் கணக்கின் பிள்ளைகள்தான். இட்லிக் கடை அக்காவுக்கு உங்கள் விருப்ப மனுக் கட்டணமே பெரிய தொகை. அவர் போன்றவர்களுக்கு அதைத் தள்ளுபடி செய்யுங்கள். பிரச்சாரச் செலவைக் கட்சி ஏற்கட்டும். தெரிந்த முகத்துக்கு ஓட்டுக் கேட்க அவ்வளவு பணம் தேவைப்படாது, அதுவும் உங்களுக்கு லாபம்தான்.

லாபக் கணக்கே பேசுவோம் என்றால் இன்னொரு எண்ணையும் பாருங்கள். 2022ல் மாநிலம் முழுக்க நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் சுமார் 61 விழுக்காடு வாக்குப் பதிவு. சென்னையில் 44ஐக்கூடத் தொடவில்லை, மாநிலத்திலேயே குறைவு. நகரத்து மக்களுக்குச் சோம்பல் என்று தொலைக்காட்சி விவாதங்களில் பேசினார்கள். அதே மக்கள் சட்டமன்றத் தேர்தலுக்கு வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். நான் என் தெருவில் கேட்டவரைக்கும் பதில் ஒன்றுதான்: "யாருன்னே தெரியலப்பா, யாருக்குப் போடறது?" முதலமைச்சர் வேட்பாளரைத் தெரிகிறது, தெரு வேட்பாளரைத் தெரியவில்லை. உள்ளாட்சித் தேர்தலில் இப்படி ஒரு நிலைமை வந்தால் அதற்கு வாக்காளரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? உளவுத்துறை வேண்டாம், கருத்துக்கணிப்புக் கம்பெனி வேண்டாம். காலை 6 மணிக்கு வாருங்கள். தெரு கூட்டும் தூய்மைப் பணியாளர்களிடம் கேளுங்கள். அந்த நேரத்தில் யார் அவர்களுக்கு டீ சொல்கிறார், யார் குப்பையைக் காலால் தள்ளிவிட்டு அதிகாரம் பண்ணுகிறார், கையுறை தரவில்லை என்று அவர்களுக்காக யார் வார்டு அலுவலகத்துக்குப் போனார், எல்லாம் சொல்வார்கள். ஒரு மனிதரைப் பற்றி அவருடைய சொந்தக்காரர்களை விட அவருடைய தெருவைக் கூட்டுகிறவருக்கு அதிகம் தெரியும். அப்புறம் ரேஷன் கடை வரிசையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள், பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வராதபோது யார் வந்து கேட்டார் என்று விசாரியுங்கள். பிறகு உங்கள் மனதில் இருக்கும் வேட்பாளரோடு கூட்டம் சேர்க்காமல், மாலை போடாமல், வார்டை ஒருமுறை நடந்து சுற்றுங்கள். அவரைப் பார்த்ததும் எழுந்து கும்பிடுகிறவர்களை எண்ணாதீர்கள். அவரை நிறுத்தி உரிமையோடு சண்டை பிடிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். பழக்கமில்லாத ஆளோடு யாரும் சண்டை பிடிக்க மாட்டார்கள்.

வேட்புமனுவோடு ஒரு உறுதிமொழிப் பத்திரம் போகிறது. சொத்து, வழக்கு, படிப்பு எல்லாம் அதில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் இவர் இந்தப் பகுதியில் எத்தனை வருஷமாக இருக்கிறார், என்ன தொழில் செய்தார், யாருக்காக எந்த அலுவலகப் படி ஏறினார் என்பதை எங்களுக்குச் சொல்ல எந்தக் காகிதமும் இல்லை. பத்திரம் கேட்காவிட்டால் என்ன, நீங்கள் கொடுக்கலாமே. வேட்பாளரின் பெயரை அறிவிக்கும் அன்றே அரைப் பக்கத்தில் அவரைப் பற்றி எழுதி வீடு வீடாகக் கொடுங்கள். தலைவர் படம் கால் பக்கம் இருக்கட்டும். மிச்ச இடத்தில் அவர் வாழ்ந்த தெரு, பார்த்த வேலை, செய்த காரியம், அதைச் செய்தபோது கூட நின்றவர்கள். மண்ணின் மைந்தர் என்று போஸ்டர் ஒட்டுவதை விட இந்த அரைப் பக்கம் எங்களுக்கு உதவும். பொய் எழுதினால் அடுத்த நாளே டீக்கடையில் தெரிந்துவிடும், அந்தப் பயமும் நல்லதுதான்.

ஜெயித்த பிறகும் ஒன்று கேட்கிறேன். அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம் 1993ல் நடைமுறைக்கு வந்ததிலிருந்தே 3 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கு வார்டு குழுக்கள் வேண்டும் என்று சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022ல்தான் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் பகுதி சபைகள் கூடின. கிராம சபை போல நகரத்து மக்களும் உட்கார்ந்து கேள்வி கேட்கும் இடம் அது. உங்கள் கவுன்சிலர் அதை உண்மையாகவே கூட்டுகிறாரா, எங்கள் தெருவுக்குத் தேதியும் இடமும் முன்கூட்டியே சொல்கிறாரா, அல்லது கட்சிக்காரர்கள் 20 பேரை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். மக்கள் நடுவில் வளர்ந்தவருக்கு அந்தக் கூட்டத்தில் உட்காரப் பயம் இருக்காது. ஜெயித்ததும் அலுவலகத்தை வார்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளவும் விடாதீர்கள். வயதானவர் நடந்து போய்ச் சேரும் தூரத்தில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு நேரடி அழைப்பு. எங்கள் வார்டுக்கான நேர்காணலை மாவட்ட அலுவலகத்தின் மூடிய அறையில் வைக்காமல் எங்கள் பகுதியிலேயே ஒரு சமுதாயக் கூடத்தில் வையுங்கள். விருப்ப மனு கொடுத்தவர்கள் எல்லாரும் வரட்டும், நாங்களும் வருகிறோம். கட்சி விஷயத்தில் நாங்கள் தலையிட மாட்டோம். ரேஷன் கடை எதிரே இருக்கும் அந்த மூடி ஏன் மழைக்குப் பொங்குகிறது என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் கேட்போம். யார் பதில் சொல்கிறார்கள் என்று நீங்களும் கூட உட்கார்ந்து கேளுங்கள். இந்த மடலின் படியை இந்த வாரமே எல்லாக் கட்சிகளின் பகுதி அலுவலகங்களிலும் நேரில் கொடுக்கிறோம். தேதி சொல்லி அனுப்பினால் நாற்காலி போடுவது முதல் எல்லா ஏற்பாட்டையும் தெருக்காரர்கள் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வடசென்னை வாக்காளர் ஒருவர்